ஒரே பதிவில் இரண்டு ‘லைட்’: அகராதிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி மாணவர்களுக்கான ஆங்கிலம்–தமிழ்க் கையகராதியின் பதிப்புக் குழுவினருக்கு,

புதிய பதிப்பில் ‘லைட்’ என்ற சொல்லுக்கு இருந்த இரண்டு பதிவுகளை ஒன்றாக்கிவிட்டீர்கள். சொற்பிறப்புக் குறிப்பு போய்விட்டது. எடுத்துக்காட்டுகளும் போய்விட்டன. மிஞ்சியிருப்பது ஒரே வரி: ‘ஒளி, வெளிச்சமான, லேசான, வெளிர், மெல்லிய, எளிய, கனமற்ற’. பக்கத்தை மிச்சம் பிடிக்கவே இப்படிச் செய்ததாக முன்னுரையில் எழுதியிருக்கிறீர்கள். மிச்சமானது ஏழெட்டு வரி. அதற்குப் பதிலாக இரண்டு தனித்தனிச் சொற்களை ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டீர்கள். வகுப்பறையிலும் மொழிபெயர்ப்பு மேசையிலும் இந்த அகராதியோடு அன்றாடம் புழங்குகிறவர்கள் நாங்கள். இதைப் பேசாமல் விட முடியவில்லை.

முதலில் அடிப்படை. எடை குறைந்தது என்ற பொருளில் வரும் பெயரடை லைட் ஒரு சொல். வெளிச்சமான, நிறம் வெளிறிய என்ற பொருளில் வரும் லைட் வேறொரு சொல். ஒரு சொல்லே காலப்போக்கில் இரண்டு பொருளுக்குக் கிளைத்தது என்று நினைப்பதற்கு இங்கே இடமில்லை. இரண்டும் வேறு வேறு வேரில் முளைத்து, ஒலி தேய்ந்து தேய்ந்து ஒன்றுபோல ஆனவை. பழைய ஆங்கிலத்திலேயே இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே எழுத்துக்கூட்டல் வந்துவிட்டது. இன்று எல்-ஐ-ஜி-எச்-டி என்று எழுதுகிறோமே, அதில் வாயில்லாப் பூச்சியாக நிற்கும் ஜி-எச், தொண்டையிலிருந்து வரும் ஒரு கரகரத்த ஒலியாக ஒருகாலத்தில் ஒலித்தது. அந்த ஒலி பேச்சில் மறைந்தது, எழுத்தில் தங்கிவிட்டது.

இரண்டும் வேறு என்பதற்கு ஆங்கிலத்தின் உறவு மொழிகளே சாட்சி. ஜெர்மனில் எடை குறைந்தது ‘லைஷ்ட்’, வெளிச்சம் ‘லிஷ்ட்’. சுவீடிஷில் முன்னது ‘லெட்’, பின்னது ‘யூஸ்’. கலக்க வழியே இல்லை. டச்சு மொழியில் மட்டும் ஆங்கிலத்துக்கு நேர்ந்ததே நேர்ந்தது, இரண்டுமே ‘லிக்ட்’. லத்தீனுக்குப் போனால் முன்னது ‘லெவிஸ்’, பின்னது ‘லூக்ஸ்’. லெவிஸ் வழியாக வந்தவை லீவர் (நெம்புகோல்), எலிவேட் (உயர்த்து), ரிலீஃப் (பாரம் குறைவு). லூக்ஸ் வழியாக வந்தவை லூசிட் (தெளிவான), டிரான்ஸ்லூசென்ட் (ஒளி ஊடுருவும்). அதே ஒளி வேரின் கிரேக்கக் கிளையில் ‘லியூக்கோஸ்’ என்றால் வெள்ளை. வெள்ளணுவை லியூக்கோசைட் என்பது அதனால்தான்.

எடை லைட்டுக்கு இன்னொரு உறவும் உண்டு. நுரையீரலைக் குறிக்கும் ‘லங்’ அதே வேரில் வந்தது. எடை குறைந்த உறுப்பு என்பதால் அந்தப் பெயர். ஆட்டின் நுரையீரலை இறைச்சிக் கடையில் ‘லைட்ஸ்’ என்றே சொல்லும் வழக்கமும் ஆங்கிலத்தில் இருந்தது. பழைய வடிவில் இருந்த மூக்கொலி லைட்டில் தேய்ந்துபோயிற்று, லங்கில் அப்படியே இருக்கிறது. தமிழன் அதே உறுப்பை நுரை போன்ற ஈரல் என்றான். பாத்திரத்தில் போட்டால் மற்றக் கறி அடியில் கிடக்க இது மட்டும் மேலே மிதப்பதைப் பார்த்தவர்களுக்கு இரண்டு பெயரின் நியாயமும் விளங்கும். ஒளியோடு இதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதையெல்லாம் பத்தாம் வகுப்பு மாணவனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். தமிழ் மாணவனுக்குத்தான் இது மிக எளிதாகப் பிடிபடும் என்பது எங்கள் பதில். எடை லைட்டின் சமஸ்கிருத உறவு ‘லகு’. கர்நாடக இசையில் தாளத்தின் ஓர் அங்கமாக வரும் லகு அதுவே. ஆதி தாளத்தில் நான்கு எண்ணிக்கை லகு, பிறகு இரண்டு திருதம். சமஸ்கிருத யாப்பில் ஒரு மாத்திரைக்கு லகு என்றும் இரண்டு மாத்திரைக்குக் குரு என்றும் சொன்னதும் இதே கணக்கில்தான்: குரு என்றால் கனம், லகு என்றால் கனமின்மை. மொழியியலார் இன்று அசைகளை ‘லைட் சிலபிள்’, ‘ஹெவி சிலபிள்’ என்று பிரிப்பதும் இதையே. அந்த லகுதான் தமிழில் ‘இலகு’ என்று வந்து நிற்கிறது. ஈழத் தமிழர் எதையும் ‘இலகுவாக’ செய்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் அது இலகுரக வாகனத்தோடு நின்றுவிட்டது.

ஒளி லைட்டின் சமஸ்கிருத உறவு ‘ருச்’ என்ற வேர். ஒளிர்தல் என்று பொருள். ஒளிர்வது கண்ணுக்கு இனிப்பது, இனிப்பது விருப்பத்துக்குரியது என்று நகர்ந்து, அந்த வேரிலிருந்து வந்த ‘ருசி’ நம் அடுக்களைக்குள் நுழைந்துவிட்டது. ஆக, ஒரு லைட்டுக்குப் பங்காளி தாளத்து லகு. இன்னொரு லைட்டுக்குப் பங்காளி சாம்பார் ருசி. இதை ஒருமுறை கேட்ட மாணவன் மறப்பதில்லை.

இதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் நடந்த விபத்து தமிழிலும் அப்படியே நடந்திருக்கிறது. தமிழில் ‘இலகுதல்’ என்று ஒரு வினை உண்டு. இலங்குதல், ஒளிவிடுதல் என்று பொருள். லகுவிலிருந்து வந்த ‘இலகு’ என்ற பெயரும் உண்டு. கனமின்மை என்று பொருள். எழுத்தில் இரண்டும் ஒன்று, பிறப்பில் இரண்டும் வேறு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இவ்விரண்டையும் தனித்தனிப் பதிவாகவே வைத்திருக்கிறது. தமிழ்ச் சொல்லுக்குக் கொடுத்த மரியாதையை அதே நிலையில் இருக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் கொடுங்கள் என்பதே எங்கள் கேட்பு. ‘லேசு’ மட்டும் இந்தக் குடும்பங்கள் எதிலும் சேராதது. சிறு துளி என்று பொருள்படும் ‘லேசம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒப்புமையைப் பார்த்து லைட்டோடு அதை முடிச்சுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் சொல்லிவைக்கிறோம்.

பிறப்பு வேறு என்றால் மட்டும் பதிவு வேறாக வேண்டுமா என்றால், வேண்டாம். பயன்பாட்டில் குழப்பம் வராதவரை யாரும் கவலைப்படப் போவதில்லை. ஆனால் இங்கே குழப்பம் வருகிறது, அதுவும் ஒரே வரியில்.

திருப்பூர்ப் பனியன் ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘லைட் கிரே, லைட் ஜெர்சி’ என்று ஒரு வரி வருகிறது (ஜெர்சி என்பது பின்னல் துணி). முதல் லைட் சாயப்பட்டறைக்கான தகவல்: சாயத்தின் அளவைக் குறைத்துப் பிடிக்க வேண்டும். 100 கிலோ துணிக்கு அரைக் கிலோ சாயம் போட்டால் லைட் ஷேடு, 4 கிலோ போட்டால் டார்க் ஷேடு என்பது மாதிரியான கணக்கு. இரண்டாவது லைட் நிட்டிங்காரருக்கான தகவல்: துணி ஒரு சதுர மீட்டருக்கு 180 கிராம் வேண்டாம், 140 போதும். உங்கள் ஒற்றை வரியைப் பார்த்து இரண்டையும் ‘வெளிர்’ என்று எழுதினால் துணி தடிமனாக வந்து நிற்கும். இரண்டையும் ‘மெல்லிய’ என்று எழுதினால் எடை சரியாக வரும், நிறம் ஆளுக்கொரு ஊகமாகப் போகும். பட்டறையில் இருப்பவர்கள் நிறத்துக்கு ஷேடு, சதுர மீட்டர் எடைக்கு ஜிஎஸ்எம் என்று பிரித்துப் பேசித் தப்பித்துக்கொள்கிறார்கள். ஆவணத்தைத் தமிழாக்க உட்காரும் புதியவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஒரு லைட் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. எதிர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் ‘டார்க்’ பொருந்தினால் ஒளி லைட். ‘ஹெவி’ பொருந்தினால் எடை லைட். லைட் புளூவுக்கு எதிர் டார்க் புளூ. லைட் ரோஸ்ட் காப்பிக்கொட்டைக்கு எதிர் டார்க் ரோஸ்ட். இது நிறக் கணக்கு, காப்பியின் கனம் இல்லை. லைட் டிராஃபிக்குக்கு எதிர் ஹெவி டிராஃபிக். லைட் ஸ்லீப்பருக்கு எதிர் ஹெவி ஸ்லீப்பர். சில இடங்களில் இரண்டுமே பொருந்தாமல் மூன்றாவது ஒன்று வரும்: டீக்கடை லைட் டீக்கு எதிர் ஸ்ட்ராங் டீ, மயக்க மருந்தில் லைட்டுக்கு எதிர் டீப். அப்படி வந்தால் அது எடைக் குடும்பத்தின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். ஒளிக் குடும்பம் சிறியது. வெளிச்சமும் நிறமும் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. எடைக் குடும்பம்தான் ஊரெல்லாம் கிளை விட்டது.

அந்தக் கிளைகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் பதிவு அவற்றை ‘லேசான, மெல்லிய, எளிய’ என்ற மூன்று சொல்லில் முடித்துவிட்டது. எடை குறைவு என்பது அளவுக் குறைவாகும். லைட் மீல் என்றால் அரை வயிற்றுச் சாப்பாடு. விசைக் குறைவாகும், லைட் டச் என்றால் பட்டும் படாமலும் தொடுவது. கடுமைக் குறைவாகும், லைட் சென்டன்ஸ் என்றால் குறைந்த தண்டனை. உங்கள் பட்டியலை நம்பிய மாணவன் இதை ‘எளிய வாக்கியம்’ என்றுதான் எழுதுவான், அவனைக் குறை சொல்ல முடியாது. பிறகு கவலைக் குறைவு, கடைசியில் ஒழுக்கக் குறைவு வரை போகிறது. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ கடைசி அங்கத்தில் போர்ஷியா, நான் லைட் தருகிறேன் ஆனால் லைட்டானவளாக இருக்கமாட்டேன், லைட்டான மனைவி கணவனைக் கனக்கச் செய்வாள் என்ற பொருளில் பேசுகிறாள். ஒளி, ஒழுக்கம், எடை மூன்றையும் ஒரே மூச்சில் உருட்டி விளையாடும் இடம் அது. உங்கள் புதிய பதிவை வைத்துக்கொண்டு அந்த வரியை எந்த ஆசிரியரும் வகுப்பில் விளக்க முடியாது.

மனம் தொடர்பான இடங்களில் தமிழும் அதே பாதையில் நடக்கிறது: நமக்கும் மனம் கனக்கிறது, மனம் லேசாகிறது. அங்கே நேராகப் பெயர்க்கலாம். தூக்கத்தில் முடியாது, தமிழில் தூக்கம் ஆழ்ந்தது, கனத்தது அன்று. ‘லைட் ஃபிங்கர்டு’ என்பதை ‘மெல்லிய விரலுடைய’ என்று எழுதினால் வீணை வாசிப்பவர் என்று நினைத்துக்கொள்வார்கள். திருட்டுப் பழக்கம் உள்ளவர் என்று பொருள். ஆங்கிலத்தில் விரல் இலகுவானால் தமிழில் கை நீளம். ‘லைட் ஹெடட்’ என்றால் கிறுகிறுப்பு. லைட் மியூசிக்குக்கு மெல்லிசை என்று அருமையான சொல் நிலைத்துவிட்டது, உங்கள் பதிப்பில் அது இடம்பெறவே இல்லை.

இனி நாங்கள் அதிகம் கவலைப்படும் பகுதி. துறைச் சொல்லாக வரும் இடத்தில் லைட் என்பதற்கு அளவும் எல்லையும் உண்டு. அங்கே ‘லேசான’ என்று எழுதிவிட்டு நகர முடியாது.

மழை. இந்திய வானிலைத் துறையின் வகைப்பாட்டில் 24 மணி நேரத்தில் 2.5 முதல் 15.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் ‘லைட் ரெயின்’; தமிழ் அறிக்கையில் ‘லேசான மழை’. 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை. 64.5-ஐத் தொட்டால் கனமழை. இந்த இடத்தில் மொழிவளம் காட்டுவதாக நினைத்துச் ‘சாரல்’ என்றோ ‘தூறல்’ என்றோ எழுதுவது பிழை. தூறல் துளியின் அளவைப் பற்றியது, அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த துளி. ‘லேசான மழை’ என்பதோ மழைமானியில் சேர்ந்த நீரின் அளவைப் பற்றியது. பெருந்துளியாகப் பத்து நிமிடம் அடித்து ஓய்ந்த மழையும் அறிக்கையில் லேசான மழையாக இருக்கலாம்.

வண்டி. மோட்டார் வாகனச் சட்டத்தில் ‘லைட் மோட்டார் வெகிக்கிள்’ என்பதன் எல்லை 7,500 கிலோ. ஏழரை டன் வண்டியைச் சட்டம் இலகுரகம் என்கிறது. ‘சிறிய வாகனம்’ என்று ஒரு கையேட்டில் எழுதினால் படிப்பவர் காரையும் ஆட்டோவையும்தான் நினைப்பார். சரக்கு வேன்காரர் தன் உரிமம் எதற்குச் செல்லும் என்று தெரியாமல் நிற்பார்.

மண். இதுதான் ஒற்றை வரிப் பதிவை முற்றிலும் கவிழ்க்கும் இடம். வேளாண் ஆங்கிலத்தில் ‘லைட் சாயில்’ என்றால் மணற்பாங்கான மண், ‘ஹெவி சாயில்’ என்றால் களிமண். உண்மையில் காய்ந்த நிலையில் ஒரே வாளியில் அள்ளினால் மணல்தான் அதிகக் கனம். மணற்பாங்கான மண் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.5 முதல் 1.7 கிராம், களிமண்ணில் நுண்ணிய இடைவெளிகள் அதிகம் என்பதால் 1.1 முதல் 1.4 வரைதான். பிறகு ஏன் மணல் லைட்? ஏரை இழுக்கும் மாட்டுக்கு அது லேசு. களிமண்ணில் கொழு பிடித்துக்கொள்ளும், மணலில் வழுக்கிக்கொண்டு போகும். ஆக இந்த லைட் உழுபடும் எளிமையைச் சொல்கிறது. இதை ‘எடை குறைந்த மண்’ என்று மொழிபெயர்த்த பாசனக் குறிப்பு, படிக்கும் உழவரைத் தன் களிமண் நிலமோ என்று நினைக்க வைக்கும். மணல் நிலத்துக்குச் சொன்ன இடைவெளியில், அதாவது அடிக்கடி, களிமண்ணுக்குத் தண்ணீர் பாய்ச்சினால் வேர் அழுகும்.

நீர். ‘லைட் வாட்டர்’ என்பது சாதாரணத் தண்ணீர்தான். கன நீரோடு (ஹைட்ரஜனின் கனமான வகையைக் கொண்ட நீரோடு) ஒப்பிடும்போது மட்டும் அதற்கு இந்தப் பெயர் தேவைப்படுகிறது. கன நீர் அதே கொள்ளளவுக்குச் சுமார் 11 விழுக்காடு கூடுதல் எடை. கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலைய உலைகள் கன நீரைப் பயன்படுத்துபவை. கூடங்குளத்து உலைகள் லைட் வாட்டர் வகை. உங்கள் பட்டியலில் ‘மெல்லிய’ என்பதைப் பார்த்து ‘மென்னீர் உலை’ என்று எழுதத் தோன்றும். எழுதினால் வேதியியல் மாணவன் நேராகக் குழிக்குள் விழுவான். அவன் பாடத்தில் மென்னீர் என்றால் சோப்பு நன்றாக நுரைக்கும் நீர், கடின நீருக்கு எதிர். அது ‘சாஃப்ட் வாட்டர்’. இரண்டும் வேறு. ‘சாதாரண நீர் உலை’ என்று எழுதுவதே பாதுகாப்பு.

அடுக்களைப் பொருள்களில் இரண்டு குடும்பமும் கைகலக்கின்றன. ‘லைட் சோயா சாஸ்’ என்றால் நிறம் வெளிறியது, நீர்த்தது. கருஞ் சாஸைவிட அதில் உப்பு அதிகம். ‘லேசான சாஸ்’ என்று எழுதப்பட்ட சமையல் குறிப்பைப் பார்த்து, உப்பு குறைந்தது என்று நினைத்துத் தாராளமாக ஊற்றினால் ஃபிரைட் ரைஸ் வாயில் வைக்க முடியாமல் போகும். ‘லைட் ஆலிவ் ஆயில்’ என்பதும் நிறமும் மணமும் குறைந்தது என்றுதான் பொருள். அதிலும் முழுக்கக் கொழுப்பே, ஒரு மேசைக்கரண்டிக்குச் சுமார் 120 கலோரி, மற்ற ஆலிவ் எண்ணெய் எப்படியோ அப்படியே. ஆனால் அமெரிக்கத் தயிர் டப்பாவில் ‘லைட்’ என்று இருந்தால் அது எடைக் குடும்பம்: கொழுப்போ கலோரியோ சட்டம் சொல்லும் அளவுக்குக் குறைத்திருக்க வேண்டும். எண்ணெயில் அந்தச் சொல் நிறத்தையும் மணத்தையும் பேசுகிறது, தயிரில் கொழுப்பைப் பேசுகிறது. நீரிழிவும் கொழுப்பும் உள்ளவர்கள் படிக்கும் குறிப்பில் இந்த வேறுபாடு சின்ன விஷயம் இல்லை.

தொழில், எண்ணெய், குத்துச்சண்டை எல்லாம் விரித்தால் மடல் நீளும். ‘லைட் இண்டஸ்ட்ரி’ சிறுதொழில் ஆகாது என்று மட்டும் சொல்லிவிடுகிறோம். பல ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆடை ஆலையும் அந்த வகைதான், இரும்பு ஆலை போன்ற கனரகத் தொழிலுக்கு எதிர் அது. குத்துச்சண்டையின் ‘லைட் ஹெவிவெயிட்’டை என்ன செய்வீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. உங்கள் பட்டியல்படி ‘கனமற்ற கனம்’.

வழித்தோன்றல் சொற்களுக்கு வருவோம். இதில் உங்கள் பதிப்பு முன்னைவிட மோசமாகிவிட்டது. ‘அலைட்’ என்று எழுத்தில் ஒன்றாகவே இருக்கும் சொல்லும் இரண்டுதான். வினையாக வந்தால் வண்டியிலிருந்து இறங்குதல். குதிரை மேலிருந்து இறங்கி அதன் பாரத்தைக் குறைப்பது என்பதிலிருந்து வந்தது, எடைக் குடும்பம். பெயரடையாக வந்தால் தீப்பற்றி எரிகிற என்று பொருள், ஒளிக் குடும்பம். நீங்கள் கொடுத்திருப்பது ‘எரியும், ஒளிரும்’ மட்டும். ரயில் நிலைய அறிவிப்பில் அந்த வினையைப் பார்க்கும் மாணவன் என்ன நினைப்பான்? ‘லைட்டர்’ என்பதற்குத் தீப்பற்றவைக்கும் கருவி என்று மட்டும் இருக்கிறது. கப்பலிலிருந்து சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவரும் படகுக்கும் அதே பெயர். கப்பலின் பாரத்தை இலகுவாக்குவதால் வந்தது. பெரிய கப்பல்கள் கரையை ஒட்ட முடியாமல் தள்ளி நங்கூரமிட்ட காலத்தில் தூத்துக்குடித் தோணிகள் செய்தது இந்த வேலையைத்தான். துறைமுக வரலாற்றைத் தமிழாக்குகிறவருக்குத் தோணி என்ற சொல் கையில் இருந்தும் அகராதி அதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

‘லைட்னிங்’, ‘லைட்டனிங்’ இரண்டுக்கும் நடுவே ஒரே ஓர் ‘இ’ எழுத்துதான். முன்னது மின்னல். பின்னது பேறுகாலச் செவிலியர் பாடத்தில் வரும் சொல்: குழந்தையின் தலை இடுப்புக் கூட்டுக்குள் இறங்குவது. முதல் பேறாக இருந்தால் வலி எடுப்பதற்குச் சில வாரங்கள் முன்பே இது நடக்கும். தாய்க்கு மூச்சு விடுவது சுலபமாகும், சிறுநீர்ப்பையில் அழுத்தம் கூடுவதால் அடிக்கடி சிறுநீர் போக வேண்டியிருக்கும். மேல்வயிற்றின் பாரம் குறைவதால் அந்தப் பெயர். நம் வீட்டுப் பெரியவர்கள் ‘வயிறு இறங்கிடுச்சு’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். உங்கள் அகராதியில் பின்னதற்கு ‘ஒளியூட்டல்’ என்று மட்டும் இருக்கிறது. செவிலியர் பயிற்சி மாணவி இதை வைத்து என்ன செய்வாள்?

ஒரு மறுப்பு உங்களிடமிருந்து வரும்: இன்றைய தமிழர் பேச்சிலேயே லைட் ஒன்றுதானே, அவர்கள் குழம்பவில்லையே என்று. உற்றுக் கேட்டால் அவர்களும் பிரித்துத்தான் பேசுகிறார்கள். ‘லைட்டைப் போடு’ என்றால் விளக்கு. ‘லைட்டா தலை வலிக்குது’, ‘லைட்டா சாப்பிட்டேன்’, ‘அதை லைட்டா எடுத்துக்கோ’ என்றால் எடைக் குடும்பம். இந்த ‘லைட்டா’வை எந்தத் தமிழனும் வெளிச்சத்துக்குப் பயன்படுத்துவதில்லை. நிறத்துக்கு வந்தால் ‘லைட் கலர்ல காட்டுங்க’ என்று கலரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். துணிக்கடையில் நடக்கும் இந்தப் பிரிப்பு அகராதியில் இல்லை என்பதே எங்கள் வருத்தம்.

ஆகவே அடுத்த அச்சுக்கு முன் செய்ய வேண்டியவை. லைட் என்ற பெயரடையை மறுபடி இரண்டு பதிவாகப் பிரித்து 1, 2 என்று எண் கொடுங்கள். பெயர்ச்சொல்லையும் வினையையும் அதனதன் குடும்பத்தின் கீழ் வையுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எதிர்ச்சொல்லையும், அது எந்தப் பெயரோடு வரும் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் வேலையைக் குறைக்க ஒரு மாதிரியும் தருகிறோம்:

லைட் 1 (எதிர்: ஹெவி) – எடை குறைந்த, இலகுவான, (மழை) லேசான, (உணவு) அளவான, (தண்டனை) குறைந்த, (மண்) மணற்பாங்கான, (நீர், அணு உலை) சாதாரண, (இசை) மெல்லிசை, (தூக்கம்) ஆழமற்ற. உறவு: லகு.

லைட் 2 (எதிர்: டார்க்) – வெளிச்சமான, (நிறம்) வெளிர், இளம், (சோயா சாஸ், ஆலிவ் எண்ணெய்) நிறம் குறைந்த. உறவு: ருசி.

இரண்டும் சேர்ந்து எட்டு வரிக்குள் அடங்கும். நீங்கள் மிச்சம் பிடித்தது அவ்வளவுதான்.

அலைட், லைட்டன், லைட்டர் மூன்றுக்கும் இதே முறையில் இரட்டைப் பதிவு கொடுங்கள். லைட்டனிங்குக்கு மருத்துவப் பொருளைச் சேருங்கள். மழைக்கும் வாகனத்துக்கும் அளவு எல்லையை அடைப்புக்குறிக்குள் எண்ணாகப் போடுங்கள். உங்கள் செல்பேசிச் செயலி இதே ஒற்றை வரியை எடுத்தாள்கிறது. அச்சுக்குக் காத்திருக்காமல் அதை இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் திருத்துங்கள். இடம் மிச்சம் பிடிப்பதற்காக இப்படி ஒன்றாக்கிய மற்றச் சொற்களின் பட்டியலை வெளியிடுங்கள். ஆங்கில ‘மீன்’ (சராசரி, கருது), ‘ஃபேர்’ (நியாயமான, சந்தை) இரண்டும் அதில் இருக்குமோ என்று எங்களுக்கு ஐயம். பட்டியல் வந்தால் ஒவ்வொன்றையும் எந்தக் குடும்பம் என்று பிரித்து எழுதித் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். ஊதியம் வேண்டாம், திருத்தம் அச்சில் வந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் அகராதியைப் பயன்படுத்தும் ஆங்கில ஆசிரியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும்